எஸ் 9 இரைச்சல், 40 மீட்டர், வடசென்னை: ரிக்கை விற்றுவிடலாமா?

9 மார்ச் 2024, மாலை. கொருக்குப்பேட்டையிலிருந்து ஒரு புது ஹாம் (அமெச்சூர் ரேடியோக்காரர்) எங்கள் குழுவில் கேட்டது

"லைசென்ஸ் வந்து இரண்டு மாதம் ஆகிறது. கடன் வாங்கி ஒரு செகண்ட் ஹேண்ட் ரிக், அதாவது ரேடியோ செட், வாங்கினேன். மொட்டைமாடியில் 40 மீட்டர் அலைவரிசைக்கு, அதாவது 7 மெகாஹெர்ட்ஸுக்கு, இன்வெர்ட்டட் வீ ஆன்டெனா கட்டியாயிற்று. எஸ்.டபிள்யூ.ஆர். 1.3, ஆன்டெனா சரியாகப் பொருந்தியிருக்கிறது. ஆனால் 7 மெகாஹெர்ட்ஸில், வருவதன் பலத்தைக் காட்டும் எஸ்-மீட்டர் எஸ் 9-ஐ விட்டு இறங்குவதே இல்லை. சர்ரென்று ஒரே இரைச்சல், நடுவில் யாரோ பேசுகிற மாதிரி ஒரு பிரமை. ஒரு பக்கம் ரயில், ஒரு பக்கம் மெட்ரோ, வடக்கே பவர் ஹவுஸ், கிழக்கே ஹார்பர். வடசென்னையில் ஹெச்.எஃப். (சிற்றலை) செத்துப்போய்விட்டது என்பதுதான் என் முடிவு. இல்லை என்பவர்கள் சொல்லுங்கள். இல்லாவிட்டால் யாராவது ரிக்கை எடுத்துக்கொள்ளுங்கள்."

9 மார்ச், இரவு 10.40

விற்காதீர்கள் தம்பி. ரிக்கின் மேல் தப்பில்லை. ரயில் மேலும் இருக்காது என்று நினைக்கிறேன், அது அப்புறம்.

நான் காலடிப்பேட்டை. இரண்டாவது மாடி, கடலுக்கு நடந்தே போகலாம். ஹார்பரில் கிரேன்களுக்கு எலக்ட்ரிகல் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். போன டிசம்பர் வரை எனக்கும் உங்கள் மாதிரியே எஸ் 8, எஸ் 9. நானும் பழியை ஊர்மேல் போட்டுவிட்டு டீ குடித்துக்கொண்டிருந்தேன்.

டிசம்பர் 4, மிக்ஜாம். தெருவில் முழங்கால் தண்ணீர், கரண்ட் போய்விட்டது. இரண்டாம் நாள் ராத்திரி பொழுது போகாமல் 12 வோல்ட் பாட்டரியில் ரிக்கை ஓட்டினேன். வெளிச்சம் என்று பார்த்தால் டயல் விளக்கு ஒன்றுதான். எஸ்-மீட்டர் முள் இடது மூலையில் படுத்துக் கிடந்தது. ரிக் போய்விட்டது என்றே நினைத்தேன். எங்கோ ஒரு மின்னல் 'சடக்' என்றது, முள் துள்ளி மறுபடி படுத்தது. அப்போதுதான் உயிர் இருக்கிறது என்று தெரிந்தது. அப்புறம் டயலை மெதுவாகத் திருப்பினால் இந்தோனேசியாக்காரர்கள் இரண்டு பேர் ஏதோ சிரித்துப் பேசிக்கொண்டிருக்கிறார்கள், ஜப்பான் ஒன்று மோர்ஸில் சிக்கியூ (யாராவது பேச வாருங்கள்) அடிக்கிறது. இருபது வருடத்துக்கு முன்னால் கேட்ட 40 மீட்டர். வீட்டில் எல்லோருக்கும் மெழுகுவத்தி, எனக்கு மட்டும் தீபாவளி.

கரண்ட் வந்த அன்று தெருவே 'ஓ' என்று கத்தியது. முள் எஸ் 8-க்குப் போய் நின்றது.

கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு எஸ் யூனிட் 6 டெசிபெல். எஸ் 9-க்கும் எஸ் 1-க்கும் நடுவே 48 டெசிபெல், சக்தியில் சுமார் 63,000 மடங்கு. அந்த 63,000 மடங்கையும் நாம்தான் சுவரில் சொருகி வைத்திருக்கிறோம். வானத்திலிருந்து வருவது கியூ.ஆர்.என்., மனுஷன் பண்ணுவது கியூ.ஆர்.எம். உங்களுக்கு வந்திருப்பது இரண்டாவது.

நாளைக்கு ஒரே ஒரு வேலை செய்யுங்கள். ரிக்கை பாட்டரியில் ஓட்டி, வீட்டு மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு மீட்டரைப் பாருங்கள். ஒரு பைசா செலவில்லை. நான் மிக்ஜாமுக்கு அப்புறம் பாட்டரிக்கென்றே படிக்கட்டு ரூம் மேல் ஒரு சின்ன சோலார் பேனல்கூட மாட்டிவிட்டேன், எப்போதும் ஃபுல்லாக இருக்கும்.

10 மார்ச்

தம்பி எழுதியிருக்கிறார்: "மெயினை அணைத்தேன் அண்ணே, இரைச்சல் கூடிவிட்டது."

வீட்டில் இன்வெர்ட்டர் இருப்பதைச் சொல்லவே இல்லையே. மெயினை அணைத்ததும் அது எழுந்துகொண்டு லைட்டுக்கும் ஃபேனுக்கும் சப்ளை கொடுத்திருக்கிறது. வீட்டிலேயே பெரிய இரைச்சல் மிஷின் அதுதான். சதுர அலை இன்வெர்ட்டர் என்றால் கேட்கவே வேண்டாம். அதையும் அணையுங்கள். பின்பக்க சுவிட்சை அணைத்தால் போதாது, பாட்டரி ஒயரைக் கழற்றிவிடுங்கள். முன்னமே சொல்லாதது என் தப்பு.

12 மார்ச்

எல்லாவற்றையும் அணைத்தால் எஸ் 9-லிருந்து எஸ் 6 என்கிறார். மூன்று யூனிட் சொந்த வீட்டுச் சரக்கு. எனக்கும் கிட்டத்தட்ட அப்படித்தான் இருந்தது.

இனி எம்.சி.பி.யை ஒவ்வொன்றாகப் போட்டுக்கொண்டே வாருங்கள். ஒருவர் பெட்டிக்குப் பக்கத்தில், ஒருவர் ரிக்குப் பக்கத்தில். என் வீட்டில் பெட்டிக்குப் பக்கத்தில் நின்றது என் பேத்தி. "தாத்தா, போடவா?" என்று கத்தி, நான் பதில் சொல்வதற்குள் போட்டுவிடுவாள். மேல்வீட்டுக்காரர் இறங்கி வந்து என்ன சண்டை என்று கேட்டார்.

என் வீட்டில் மாட்டியவை: ஆர்.ஓ. தண்ணி மிஷினின் அடாப்டர், செட் டாப் பாக்ஸ் (அணைத்திருந்தாலும் சொருகியிருந்தால் போதும்), மீன் தொட்டி விளக்கு, பாத்ரூம் எல்.இ.டி. பல்பு. இந்த பல்பு தனி ஜாதி. அது ஒன்று மட்டும் ஒரு எஸ் யூனிட்டுக்கு மேல் ஏற்றியது.

அதைப் பிரித்துப் பார்த்தேன். வெள்ளை மூடியை நகத்தால் நெம்பினால் பொட்டென்று வந்துவிடும். உள்ளே இரண்டு விரல் அகலத்தில் ஒரு போர்டு. கரண்ட் நுழைகிற இடத்தில் எல் 1, சி.எக்ஸ். 1 என்று அச்சடித்து ஓட்டை போட்டிருக்கிறார்கள். ஃபில்டர் காயிலும் கபாசிட்டரும் உட்கார வேண்டிய இடம். காயில் இடத்தில் ஒரு துண்டுக் கம்பியை வளைத்து ஈயம் வைத்திருக்கிறார்கள். கபாசிட்டர் இடம் காலி. வடிவமைத்தவருக்குத் தெரிந்திருக்கிறது, வரைந்தும் வைத்துவிட்டார். விலை போட்டவர் பிடுங்கிவிட்டார். விளக்குகள் இவ்வளவுதான் இரைச்சல் எழுப்பலாம் என்று சி.ஐ.எஸ்.பி.ஆர். 15 என்று உலகத் தரமே இருக்கிறது. அந்தத் துண்டுக் கம்பி அதைப் படித்ததில்லை.

14 மார்ச்

ஃபேன் ரெகுலேட்டரை விட்டுவிட்டேன். சுற்றிச் சுற்றிப் போகும் பழைய எலக்ட்ரானிக் வகை என்றால் கர்ர்ர் என்று இருக்கும். 1-2-3-4 என்று நின்று நின்று போகும் கபாசிட்டர் வகை சத்தமே போடாது.

17 மார்ச்

மேலே பல்பு பற்றி எழுதியதைப் பார்த்து, விலை மலிவான பல்பு எல்லாமே மோசம் என்று இங்கே இரண்டு பேர் முடிவு கட்டிவிட்டார்கள். நானும் அப்படித்தான் இருந்தேன். நேற்று தலைகீழாகிவிட்டது.

எம்.சி. ரோடு பிளாட்பாரத்தில் மூன்று பல்பு வாங்கி வந்தேன். இரைச்சல் எப்படிக் கத்தும் என்று பேத்திக்குக் காட்டலாம் என்றுதான். மாட்டினேன். மீட்டர் அசையவில்லை. மூன்றும் அப்படியே. பிரித்தால் உள்ளே காயிலும் இல்லை, டிரான்ஸ்ஃபார்மரும் இல்லை. எல்.இ.டி. ஒட்டிய அதே அலுமினியத் தட்டிலேயே ஒரு சின்ன ஐ.சி. டி.ஓ.பி. என்கிறார்கள் கடையில். அது கரண்டை வெட்டி வெட்டி விடுவதில்லை, நேராகக் கட்டுப்படுத்துகிறது, மிச்சத்தைச் சூடாக விட்டுவிடுகிறது. வெட்டல் இல்லை, அதனால் இரைச்சலும் இல்லை. அறை முழுக்க அதிலேயே விலை குறைந்த பல்புதான் ஊமை.

குறை இல்லாமல் இல்லை. வெளிச்சம் வினாடிக்கு 100 தடவை துடிக்கும். மகள் வீடியோ காலில் வந்தால் சுவரில் பட்டை பட்டையாக ஓடுகிறது என்கிறாள். என் வீட்டம்மா அதைச் சொல்லிக் காட்டாத நாளில்லை. ரேடியோ ரூமில் மட்டும் வைத்துக்கொண்டேன். அந்த ரூமை நம் ஆட்கள் ஷாக் என்பார்கள் அல்லவா, எங்கள் வீட்டில் அந்த வார்த்தைக்கு அர்த்தமே வேறு.

24 மார்ச்

வீட்டுக்குள் முடிந்தது, தெருவில் எப்படித் தேடுவது என்று கேட்டிருக்கிறார்.

ஐந்தாயிரம் ரூபாய் கருவி வேண்டாம். ஒரு பழைய ஏ.எம். டிரான்சிஸ்டர் போதும். மீடியம் வேவின் மேல் கோடியில், 1600 கிலோஹெர்ட்ஸ் பக்கம், ஸ்டேஷன் இல்லாத இடத்தில் வைத்துக்கொள்ளுங்கள். உள்ளே இருக்கும் ஃபெரைட் குச்சிக்குத் திசை தெரியும். குச்சியின் முனை இரைச்சல் வரும் பக்கத்தைப் பார்க்கும்போது சத்தம் அமுங்கிவிடும். சத்தம் கூடும் திசையைக் காது சரியாகப் பிடிக்காது, அமுங்கும் திசை கத்தி மாதிரி தெரியும். இரண்டு இடத்தில் நின்று பார்த்தால் கோடு இரண்டும் ஒரு வீட்டில் போய் முட்டும்.

ராத்திரி பத்து மணிக்கு லுங்கி கட்டிக்கொண்டு, காதில் ரேடியோவை வைத்துத் தெருவில் மெதுவாக வட்டமடித்தால் என்ன ஆகும்? டீக்கடைக்காரர்தான் முதலில் பிடித்தார். "இன்னா சார், காணாமப்போன மாட்டைத் தேடுறியா?" விஷயத்தைச் சொன்னேன். "எங்க கட லைட்டுலயா ரேடியோ கேக்குது?" என்று எல்லா லைட்டையும் அணைத்துக் காட்டினார். அவர் கடையில் ஒன்றும் இல்லை. அன்றிலிருந்து மூன்று நாள் அவர்தான் எனக்குத் துணை. யார் வீட்டில் புதிதாக என்ன மாட்டியிருக்கிறார்கள் என்பது டீக்கடைக்குத் தெரியாமல் இருக்குமா?

கடைசியில் கோடு போய் முட்டியது ஒரு அடகுக்கடையின் கேமரா பெட்டியில். எட்டு கேமராவுக்கு ஒரே பவர் சப்ளை, அதன் ஒயர்கள் கட்டடத்தைச் சுற்றி மாலை போட்ட மாதிரி. ஆன்டெனா கட்டிக் கொடுத்திருக்கிறார்கள். கடைக்காரரிடம் "உங்கள் கேமரா என் ரேடியோவைக் கெடுக்கிறது" என்று போகவில்லை. கேமராவைத் தொடப்போகிறேன் என்றால் அடகுக்கடையில் எப்படிப் பார்ப்பார்கள்? "இந்தப் பெட்டி ரொம்பச் சுடுகிறது சார், நான் ஹார்பரில் எலக்ட்ரிகல், நல்லதாக ஒன்று என் செலவில் மாட்டித் தருகிறேன், பிடிக்காவிட்டால் பழையதைப் போட்டுவிடலாம்" என்றேன். சுட்டது நிஜம்தான், பொய் சொல்லவில்லை. மாற்றினோம். இரவில் எஸ் 6 இருந்தது எஸ் 4 ஆனது.

சட்டத்தைக் காட்டலாமே என்கிறார் மேலே ஒருவர். காட்டலாம். அடுத்த மாடியில் ஆன்டெனா கட்ட யாரிடம் அனுமதி கேட்பீர்கள்?

2 ஏப்ரல்

ரயில் விஷயம். மெட்ரோ நீட்டிப்பு வண்ணாரப்பேட்டையிலிருந்து விம்கோ நகர் வரை 2021 பிப்ரவரியில் திறந்ததிலிருந்து இந்தப் பக்கத்து ஹாம்கள் எல்லோரும் அதைத்தான் திட்டுகிறோம். தலைக்கு மேலே 25,000 வோல்ட் ஓடுகிறதே, அதுவாகத்தான் இருக்கும் என்று. நான் ஒரு வாரம் நோட்டுப் போட்டேன். வண்டி ஓடும்போது, கடைசி வண்டி போன பிறகு, விடியற்காலை முதல் வண்டிக்கு முன்னால். எஸ் 4, எஸ் 4, எஸ் 4.

கும்மிடிப்பூண்டி லைனில் கூட்ஸ் போகும்போது கம்பியும் பேண்டோகிராஃபும் உரசிப் பொறி பறந்தால் 'கர்ர்க்' என்று நாலைந்து வினாடி வரும், போய்விடும். அவ்வளவுதான். இருபத்துநாலு மணி நேர எஸ் 9-க்கு ரயிலைக் குற்றம் சொல்ல முடியாது. மூன்று வருடம் திட்டியதை வாபஸ் வாங்குகிறேன்.

20 ஏப்ரல்

இதைக் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன், நம் ஊருக்கே உரியது.

பத்து நாளாக எனக்கு வேறொரு இரைச்சல். அடாப்டர் இரைச்சல் டயலைத் திருப்பினால் 60, 70 கிலோஹெர்ட்ஸுக்கு ஒரு தடவை மேடு தட்டும், அந்த மேடும் சூடு ஏற ஏற நகரும். இது அப்படி இல்லை. எந்தப் பட்டையில் வைத்தாலும் ஒரே சீரான 'ர்ர்ர்'. ஏ.எம்.மில் கேட்டால் சுத்தமாக 100 ஹெர்ட்ஸ் முனகல். நம் கரண்ட் 50 ஹெர்ட்ஸ், ஒவ்வொரு அரை அலைக்கும் ஒரு பொறி, அதனால் 100. மின்கம்பியில் எங்கோ பொறி விடுகிறது என்று அர்த்தம்.

ஹார்பரில் இது எங்களுக்குப் பழக்கம். கடல்காற்று உப்பைக் கொண்டுவந்து பீங்கான் இன்சுலேட்டரில் பூசும். அதன்மேல் தூசி. மாசக்கணக்கில் மழை இல்லாவிட்டால் கனமாகப் படியும். காய்ந்து கிடக்கும்வரை பெரிதாக ஒன்றும் செய்யாது. விடியற்காலைப் பனி இறங்கினால் உப்பு நனைந்து அதன் வழியே கரண்ட் கசியும். இருட்டில் பார்த்தால் நீலமாக ஊர்வது கண்ணுக்கே தெரியும். சாம்பிராணி போடுகிற மாதிரி ஒரு 'ஸ்ஸ்' சத்தமும் வரும். ஒரு நல்ல மழை அடித்தால் கழுவி எடுத்துவிடும், அன்றைக்கே ரேடியோ சுத்தம். அதனால்தான் மார்கழி ராத்திரிகளைவிடச் சித்திரை விடியற்காலை இங்கே மோசம்.

தேடும் வழி: அதிர்வெண்ணை ஏற்றிக்கொண்டே போங்கள். 7-ல் இரண்டு தெரு தள்ளியும் கேட்கும். 30-ல் ஒரு தெரு. நூற்றுச் சொச்சம் மெகாஹெர்ட்ஸில் ஏ.எம்.மில் கேட்கிறது என்றால் அந்தக் கம்பம் உங்கள் பக்கத்தில் நிற்கிறது.

கண்டுபிடித்ததும் சிலர் கம்பத்தைச் சுத்தியலால் தட்டிப் பார்ப்பார்கள், இரைச்சல் மாறினால் இதுதான் என்று. செய்யாதீர்கள். எலக்ட்ரிகல் வேலையில் நான் பார்த்திருக்கிற சிலதை இங்கே எழுத மாட்டேன். கம்ப நம்பரைக் குறித்துக்கொண்டு லைன்மேனிடம் சொல்லுங்கள். 'ரேடியோ கேட்கவில்லை' என்று சொன்னால் சிரிப்பார்கள். 'ராத்திரியில் பொறி தெரிகிறது' என்று சொன்னால் வருவார்கள்.

21 ஏப்ரல்

பெரம்பூரிலிருந்து ஒருவர் கேட்கிறார், "எங்கள் பக்கம் மழை பெய்தால்தான் இரைச்சல் வருகிறது, நீங்கள் தலைகீழாகச் சொல்கிறீர்களே?" இரண்டும் உண்டு. உப்புப் படிந்தது தூறலில் கத்தும், பெருமழையில் நிற்கும். தளர்ந்த கிளாம்ப், துருப்பிடித்த இணைப்பு என்றால் காய்ந்த வெயிலில் கத்தும், ஈரம் பட்டதும் நிற்கும். உங்களுடையது முதல் வகையின் ஆரம்பம், உப்புக்குப் பதில் தூசியாக இருக்கும். நான் எழுதியது கடலோரத்துக்கு. பெரம்பூருக்கு என் உப்பு வராது.

12 மே

சிரிக்க ஒரு விஷயம். நேற்றுக் காலை ஆன்டெனா அடியில் புது பாலன் (ஆன்டெனாவையும் கேபிளையும் இணைக்கும் சுருள்) சுற்றி மாட்டினேன். கேட்டால் அமைதி. இரைச்சல் அப்படியே எஸ் 4, ஆனால் ஸ்டேஷன் ஒன்றும் இல்லை. 40 காலி, 20 காலி, ஐரோப்பா பக்கம் மயானம். பாலனைத்தான் தப்பாகச் சுற்றிவிட்டேன் என்று பிரித்தேன். மறுபடி சுற்றினேன். மறுபடி பிரித்தேன். சாயங்காலம் ராயபுரம் அண்ணன் போன் பண்ணி, "சூரியன் வெடிச்சுக் கிடக்குது, பேப்பர் பாக்கலியா?" என்றார். லடாக்கில் ஹான்லேயில் வானம் சிவந்ததே, அந்தப் புவிகாந்தப் புயல்தான். 20 வருடத்தில் இவ்வளவு பெரிய புயல் இல்லை. நான் ஐந்து அடி ஒயரோடு அதை எதிர்த்துப் போராடிக்கொண்டிருந்தேன்.

பாலன் முதல் தடவையே சரியாகத்தான் இருந்திருக்கிறது.

13 மே

"வாட்ஸ்அப் காலத்தில் இவ்வளவு பாடு எதற்கு?" என்று கேட்டவருக்கு: 2004 டிசம்பர் 26-ம் தேதி பாரதி பிரசாத் குழுவினர் ஹாம் ரேடியோ பயணமாகப் போர்ட் பிளேரில் இருந்தார்கள். சுனாமி அடித்து மற்றத் தொடர்பெல்லாம் அறுந்தபோது தீவுகளிலிருந்து செய்தி கொண்டுவந்தது அந்த ரிக்குகள்தான். அன்றைக்குக் காசிமேட்டில் நாங்கள் ஆளைத் தேடிக்கொண்டிருந்தோம், அந்தமானில் இருந்த உறவுக்காரர்கள் உயிரோடு இருக்கிறார்களா என்று இங்கே எத்தனை வீட்டில் காத்திருந்தார்கள் தெரியுமா?

இன்னொன்று இப்போதுதான் தோன்றுகிறது. பேரிடர் நேரத்தில் ஹாம் ரேடியோ அவ்வளவு தூரம் கேட்பதற்கு ஒரு காரணம், ஊரில் கரண்ட் இல்லாததும்தான். மிக்ஜாம் ராத்திரி எனக்குக் காட்டியது அதைத்தானே.

9 ஜூன்

ஒயரில் ஓடும் இரைச்சலை அடைக்க ஃபெரைட் வாங்கினேன், ஒன்றும் ஆகவில்லை என்று தம்பி வருத்தப்படுகிறார். ரிச்சி தெருவில் டப்பி டப்பியாக விற்கும் கிளிப் ஃபெரைட், ஒயரில் ஒன்று மாட்டியிருக்கிறார்.

ஒயர் ஒரு தடவை உள்ளே நுழைந்தால் ஒரு சுற்று. அந்தக் கிளிப்புகள் பெரும்பாலும் இன்னும் மேல் அதிர்வெண்ணுக்குச் செய்தவை. 7 மெகாஹெர்ட்ஸில் ஒரு சுற்றுக்குச் சில பத்து ஓம் தடை கிடைத்தால் அதிகம். ஆனால் சுற்றைக் கூட்டினால் தடை சுற்றின் வர்க்கமாகக் கூடும். ஐந்து சுற்று போட்டால் ஐந்து மடங்கு இல்லை, 25 மடங்கு. அதனால் பெரிய வளையமாகப் பாருங்கள், ஒயர் பத்துப் பன்னிரண்டு தடவை நுழைய வேண்டும். ஹெச்.எஃப்.க்கு 31-ம் நம்பர் மிக்ஸ் (ஃபெரைட் கலவை) நல்லது. 2.4 அங்குல வளையம் வாங்கினால் ஆன்டெனா கேபிளான கோஆக்ஸே பத்துச் சுற்று போகும்.

காசு இல்லையா, பழைய டிவி ரிப்பேர் கடைக்குப் போங்கள். பிக்சர் டியூப் கழுத்தில் இருந்த யோக், அதன் செம்பைப் பிரித்தால் கருப்பாக ஒரு ஃபெரைட் வளையம். அதில் ஆர்.ஓ. மிஷின் ஒயரைப் பத்துச் சுற்று சுற்றினேன். 31-ம் நம்பருக்கு ஈடில்லை, ஆனால் வேலை செய்கிறது. வண்ணாரப்பேட்டைக் கடைக்காரர் நாலு யோக் சும்மாவே கொடுத்தார், இடம் காலியானால் போதும் என்று.

முதலில் எங்கே மாட்டுவது? இரைச்சல் விடும் சாமானின் ஒயரில், சாமானுக்கு ஒட்டி. அடுத்தது நம் கோஆக்ஸில், ஆன்டெனா அடியிலும் ரிக் பக்கத்திலும். வீட்டு இரைச்சல் கோஆக்ஸின் வெளித்தோல் மேல் நடந்து ஆன்டெனாவுக்குப் போய், உள்வழியாகத் திரும்பி ரிக்குக்கு வரும். வாசலில் துரத்திய பூனை கொல்லைப்பக்கமாக வருகிற மாதிரி.

14 ஜூலை

புது எதிரி. காலை ஆறரைக்கு ஆரம்பித்து மெதுவாக ஏறி, ஒன்பது மணிக்கு எஸ் 7. சாயங்காலம் அடங்கிவிடும். மேகம் மறைத்தால் இறங்கும், வெயில் வந்தால் ஏறும். இதற்கு டிரான்சிஸ்டர் தேவையில்லை, அண்ணாந்து பார்த்தால் போதும். பின்வீட்டு ரிட்டயர்டு வாத்தியார் மாடியில் சோலார் போட்டிருக்கிறார், ஆறு பேனல்.

போய்ச் சொன்னேன். "எனக்கு கரண்ட் பில் குறைஞ்சது உமக்குப் பொறுக்கலையா?" என்றார். பகலில் 40 மீட்டர் நமக்கு உள்ளூர் ரோடு மாதிரி, சேலம், மதுரை, பெங்களூர் எல்லாம் காலையில்தான். அது போய்விட்டது என்பதை அவருக்கு எப்படிப் புரியவைப்பது? என் வீட்டுக்குக் கூட்டிவந்து ஹெட்ஃபோனைக் காதில் மாட்டினேன். "பிளஸ் டூ பி செக்ஷன் மாதிரி இருக்கே" என்றார்.

28 ஜூலை

வாத்தியார் மனசு வைத்தார். சோலார் மாட்டியவர்களையே வரவழைத்து, டி.சி. ஐசொலேட்டரை அணைத்து, ஒயரைப் பார்த்தோம். பிளஸ் ஒயர் ஒரு கைப்பிடிச்சுவர் வழியாக, மைனஸ் எதிர்ச்சுவர் வழியாக. நடுவில் மொத்த மாடி. அவ்வளவு பெரிய வளையம், நல்ல டிரான்ஸ்மிட்டிங் ஆன்டெனா. இரண்டையும் சேர்த்து முறுக்கி ஒரே குழாயில் விட்டார்கள். நானும் என் ஆன்டெனாவின் அந்தப் பக்கக் காலைத் தெருப்பக்கம் திருப்பிக் கட்டினேன். எஸ் 7 எஸ் 4 ஆனது. எஸ் 4-க்குக் கீழே பகலில் போகவில்லை. இன்வெர்ட்டரின் உள்ளே இருப்பது மிச்சம், அதற்கு ஒன்றும் செய்ய முடியாது என்று விட்டுவிட்டேன்.

4 ஆகஸ்ட்

ஆடி. தெருமுனை அம்மன் கோயிலுக்குச் சீரியல் லைட் போட்டிருக்கிறார்கள், இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை. எஸ் 9-க்கு மேல் 20 டெசிபெல். அம்மனிடம் எந்த மனுவைக் கொடுப்பது? ரிக்கை அணைத்துவிட்டுக் கூழ் குடித்துவிட்டு வந்தேன். கருவாட்டுக் குழம்பு நன்றாக இருந்தது.

25 ஆகஸ்ட்

நெதர்லாந்தின் ட்வென்டே பல்கலைக்கழக ரிசீவரை இன்டர்நெட்டில் கேட்டுக்கொண்டு, இங்கிருந்து டிரான்ஸ்மிட் மட்டும் செய்தால் இரைச்சல் தொல்லையே இல்லையே என்று ஒரு யோசனை வந்திருக்கிறது. நானும் செய்து பார்த்தேன், பொய் சொல்ல மாட்டேன். ராத்திரி இரண்டு மணிக்கு என் கால்சைனைச் சொல்லிவிட்டு வாயை மூடினேன். ஒன்றிரண்டு வினாடி கழித்து, ஐரோப்பாவின் சலசலப்புக்கு அடியிலிருந்து, தொண்டை கட்டின மாதிரி என் குரலே என்னைக் கூப்பிட்டது. உடம்பு சிலிர்த்தது.

ஆனால் அப்படி ஒருவரோடு பேசிவிட்டு லாக் புத்தகத்தில் எழுத எனக்குக் கை வரவில்லை. என் சிக்னல் அங்கே போகிறதா என்று பார்க்க அது அருமையான சாமான். பக்கத்துக் கல்யாணத்துச் சாப்பாட்டை ஜன்னல் வழியாக வாங்கித் தின்றுவிட்டு மொய் எழுதுகிற மாதிரி இருக்கிறது. மற்றவர்கள் எழுதிக்கொள்ளட்டும், சண்டைக்கு வரவில்லை.

எஃப்.டி.8 என்ற கம்ப்யூட்டர் முறை பற்றியும் கேட்டார்கள். 2017-ல் வந்தது, இரைச்சலுக்குக் கீழே 20 டெசிபெல் கிடக்கிற சிக்னலையும் தோண்டி எடுத்துவிடும். தெரு முழுக்க அடாப்டர் இருப்பவர்களுக்கு வரப்பிரசாதம். எனக்கு மோர்ஸ் போதும். 2400 ஹெர்ட்ஸ் ஃபில்டரை 500 ஆக்கினாலே இரைச்சல் 7 டெசிபெல் கிட்ட இறங்கும், மிச்சத்தைக் காது பார்த்துக்கொள்ளும். ஹார்பரில் கப்பல் ரேடியோ ஆபீசர்கள் பக்கத்தில் நின்று கேட்டுக் கேட்டு வந்த காது. 1999-ல் கப்பல்களில் மோர்ஸ் முடிந்தது. கீயை மேசையிலிருந்து கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நின்ற ஒருவரைப் பார்த்திருக்கிறேன். என்னிடம் இருப்பது அந்தக் கீதான்.

26 ஆகஸ்ட்

ஒன்று சேர்க்க வேண்டும். ரிக்கில் நாய்ஸ் பிளாங்கர் பட்டனை அமுக்கினேன், பயனில்லை என்கிறார்கள். அது 'டிக் டிக்' என்று தனித்தனியாக விழும் பொறிக்கு. அடாப்டர் இரைச்சல் இடைவெளியே இல்லாமல் கொட்டுவது, அதற்கு வேலை செய்யாது. ஆர்.எஃப். கெய்னை (ரிசீவரின் உணர்திறனை)க் குறையுங்கள். சிக்னல் ஒன்றும் கூடாது, ஆனால் காது வலிக்காது, ஒரு மணி நேரம் கூட உட்கார முடியும்.

6 அக்டோபர்

கொருக்குப்பேட்டைத் தம்பி நேற்றிரவு மலேசியாவோடு பேசிவிட்டார். இரைச்சல் எஸ் 5 என்கிறார். அவர் அம்மாவின் சீரியல் முடிந்து செட் டாப் பாக்ஸைப் பிடுங்கிய பிறகு எஸ் 3. விற்பனைக்கு என்ற அறிவிப்பை எடுக்கச் சொன்னேன்.

27 அக்டோபர்

இதை எழுத மூன்று நாள் தள்ளிப்போட்டேன்.

போன வியாழக்கிழமை பாட்டரி டெர்மினலில் உப்புப் பூத்திருந்தது. பாட்டரியைக் கழற்றி, அதோடு சோலார் பேனல் ஒயரையும் சார்ஜ் கன்ட்ரோலரையும் கழற்றி மேசையில் வைத்துவிட்டு, கனமான டிரான்ஸ்ஃபார்மர் வைத்த பழைய பவர் சப்ளையில் ரிக்கைப் போட்டேன். காலை பத்து மணி, சுள்ளென்ற வெயில். முள் எஸ் 2-ல் இருந்தது.

வாத்தியார் வீட்டில் பார்த்தேன், இன்வெர்ட்டர் விளக்கு பச்சையாக எரிகிறது, ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. மறுபடி என் கன்ட்ரோலரை மாட்டினேன், எஸ் 4. கழற்றினேன், எஸ் 2. பேத்தி இல்லாததால் நானே பத்துத் தடவை போட்டுப் போட்டு எடுத்தேன்.

படிக்கட்டு ரூம் மேல் என் சொந்த 40 வாட் பேனல். பிளாட்பாரத்து பி.டபிள்யூ.எம். கன்ட்ரோலர். பாட்டரி ஃபுல்லானதும் அது சார்ஜை வெட்டி வெட்டி விடும். என் பாட்டரிதான் எப்போதும் ஃபுல்லாயிற்றே, இந்த இழையின் முதல் பதிலிலேயே பெருமையாக எழுதியிருக்கிறேன். அதுவும் காலையில் ஏறும், சாயங்காலம் அடங்கும், மேகம் வந்தால் இறங்கும். ஆன்டெனாவுக்கு ஆறடி தள்ளி.

மெயின் சுவிட்ச் சோதனையில் இது மாட்டவே மாட்டாது. மெயினுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. அதைவிட மோசம், சோதனைக்கு ரிக்கை ஓட்டச் சொன்னதே அந்த பாட்டரியில்தான். அதனால் மார்ச் 9-ம் தேதி நான் எழுதியதைத் திருத்திக்கொள்ளுங்கள்: மெயினை அணையுங்கள், இன்வெர்ட்டர் ஒயரைக் கழற்றுங்கள், பாட்டரியோடு வேறு எது ஒட்டிக்கொண்டிருந்தாலும் அதையும் கழற்றிவிட்டு அப்புறம் மீட்டரைப் பாருங்கள். பகலில் ஒரு தடவை, ராத்திரி ஒரு தடவை.

வாத்தியாரிடம் நேற்று போய்ச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. "அப்ப என் வீட்டு ஒயரை முறுக்கினது?" என்றார். அதில் மூன்று யூனிட் இறங்கியது நிஜம், மிச்சம் இரண்டு மட்டும் என்னுடையது என்றேன். "பேப்பரைத் திருத்தி மார்க் போடுற மாதிரி சொல்றீர்" என்றார். பிறகு உள்ளே பார்த்து இரண்டு காபி என்று குரல் கொடுத்தார்.

கன்ட்ரோலரை ஒரு சுவிட்ச் போட்டு வைத்திருக்கிறேன். ரேடியோ கேட்கும்போது அணைத்துவிடுவேன். நாளைக் காலை ஏழு மணிக்கு 40-ல் இருப்பேன், தம்பி எழுந்தால் கூப்பிடட்டும்.